கிரீடத்துக்கு முந்திய புத்தகம்

1968 ஜூன் 12

பள்ளிக்கூடம் திறந்து ஒரு வாரம் ஆகவில்லை, அதற்குள் மதர் என்னைக் கன்னியர் மடத்துப் புத்தக அலமாரிப் பக்கம் தள்ளிவிட்டார். கரையான். கீழ்த்தட்டு முழுவதும் மண். ஞானோபதேசம், புனிதர் சரித்திரம், கட்டுக் கட்டாகப் பழைய மாத இதழ்கள். எல்லாவற்றையும் தட்டி வெயிலில் போட்டேன். தும்மல் இன்னும் நிற்கவில்லை.

அடியில் ஓர் ஒல்லிப் புத்தகம் கிடந்தது. 'பெயரில்லாதவர்கள் — செய்யுள்கள் — இ. சவுரியப்பன்.' வேறு யாரோ சவுரியப்பன் என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லை, அவரேதான். 'பொறுமையின் கிரீடம்' எழுதியவர். இந்தச் சீமையில் கோயிலுக்குப் போகிற குடும்பத்தில் கிரீடம் இல்லாத வீடு கிடையாது. குடிகாரப் புருஷனிடம் சிரித்த முகத்தோடு அடிவாங்கி, கடைசியில் அவனை மனம் திருப்பிவிட்டுச் செத்துப்போகும் ஆரோக்கியத்தின் கதை. என் கலியாணத்துக்கும் பங்குச் சாமியார் அதைத்தான் பரிசாகக் கொடுத்தார். அவர் கவிதை எழுதியிருக்கிறார் என்று இதுவரை ஒருத்தர் வாயிலிருந்தும் கேட்டதில்லை.

அச்சான வருஷம் 1936. கிரீடத்துக்கு முன்னால். அச்சாபீசிலிருந்து வந்தபடியே தாள்கள் மடிப்போடு சேர்ந்து கிடக்கின்றன. இத்தனை காலத்தில் வெட்டிப் பார்க்க ஓர் ஆள் இல்லை!

மதரிடம் கேட்டேன். "எடுத்துக்கிட்டுப் போ. கரையானுக்குப் போறது உனக்குப் போகட்டும்" என்றார்.

என் வீட்டுக்காரர் லாரியில் பெங்களூர் லோடு ஏற்றிப் போயிருக்கிறார். காய் நறுக்கும் கத்தியால் பக்கங்களை வெட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மகள் சிசிலி பக்கத்தில் உட்கார்ந்து தாள்தூளை ஊதி விளையாடினாள். வீடு எவ்வளவு நன்றாக இருக்கிறது.

ஜூன் 14

வந்துவிட்டார்.

ஜூன் 16, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. இடது கண் திறக்கவில்லை.

காரணத்தை எழுதித்தான் பார்க்கிறேனே. களி கட்டிதட்டியிருந்தது. அவ்வளவுதான். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார், முடியைப் பிடித்தார், அடுப்புத் திட்டில் மோதினார். இரண்டாவது தடவை மோதும்போது நான் அந்தத் திட்டில் ஒட்டியிருந்த சாம்பலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காலையில் துடைக்காமல் விட்டுவிட்டோமே என்று நினைத்தேன். அப்படி நினைத்தது இப்போது பயமாக இருக்கிறது. ஏழு வயதுப் பிள்ளை கட்டிலுக்கு அடியில் இருந்தாள். அழவில்லை. பழகிவிட்டாள்.

அவர் பூசைக்குப் போயிருக்கிறார். வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு. லாரிக்கார சின்னப்பன் என்றால் கோயிலில் தனி மரியாதை, சப்பரத்துக்கு முதல் தோள் அவருடையது.

எதிர் வீட்டு அமீருன்னிசா வந்தாள். மெத்தை தைக்கும் அப்துல் சுபானின் மனைவி. உப்பை வறுத்துத் துணியில் கட்டிக்கொண்டு வந்து ஒத்தடம் கொடுத்தாள். வழுக்கி விழுந்துவிட்டேன் என்றேன்.

"உங்க வூட்டுக் கல்லுதான் எங்க வூட்டுலயும் போட்டிருக்குது டீச்சரம்மா. எங்க யாருக்கும் வழுக்கல."

ஜூன் 19

ஒரு கண்ணால் படித்தேன். 'லேவியன் வீட்டுக்காரி.'

இந்தக் கதையைப் பிரசங்கத்தில் யாரும் சொன்னதில்லை. பழைய ஏற்பாட்டில் இருக்கிறதாம். லேவி குலத்து வழிப்போக்கன் ஒருவன் மனைவியோடு ஓர் ஊரில் தங்குகிறான். போக்கிரிகள் வீட்டைச் சூழ்ந்துகொள்கிறார்கள். அவன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அவளைப் பிடித்து வெளியே தள்ளிக் கதவைச் சாத்துகிறான். விடியும்போது அவள் வாசலில் கிடக்கிறாள். வேதத்தில் அவளுக்குப் பெயர் இல்லை, பேச்சும் இல்லை. சவுரியப்பனார் அவளைப் பேச வைத்திருக்கிறார்.

கதவுக்கு உள்ளே என் புருஷனின் மூச்சு.
கதவுக்கு வெளியே என் மூச்சு.
நடுவில் ஒரு பலகை.
தச்சன் நல்லவன்; பலகை உறுதியாயிருந்தது.

தச்சன் நல்லவன்! இதை எப்படி எழுதினார்? அழுகை இல்லை, 'அந்தோ' இல்லை. உள்ளே இருப்பவனைத் திட்டவில்லை. தச்சனைப் பாராட்டுகிறாள்.

அகவல் மாதிரி தொடங்குகிறது, நாலாவது அடிக்குள் யாப்பு உடைந்துவிடுகிறது. அந்தக் காலத்தில் இதைச் செய்யுள் என்று எந்தப் புலவர் ஒத்துக்கொண்டிருப்பார்? கிரீடத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதில் அடி விழும் இடத்திலெல்லாம் வாக்கியம் நீளும் — உவமை, வசனம், கண்ணீர். இதில் அடி விழும் இடத்தில் வாக்கியம் ஒடிகிறது. அடிவாங்கினவர்களுக்குத் தெரியும், எது உண்மை என்று.

ஜூலை 8

பாவசங்கீர்த்தனத்துக்குப் போனபோது சாமியாரிடம் புத்தகத்தைப் பற்றிச் சொன்னேன். அவருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியவில்லை. "வாலிபத்துல எல்லாரும் ஏதாவது கிறுக்குறதுதாம்மா. அவர் பேரு கிரீடத்தால நிக்குது. அதைப் படி, உன் குடும்பத்துக்கு ஆகும்."

என் நெற்றித் தழும்பைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார்.

ஆகஸ்ட் 20

'நேர்ந்துகொண்டவன் மகள்' மனப்பாடமாகிவிட்டது. போரில் ஜெயித்தால் வீட்டு வாசலில் முதலில் எதிர்ப்படுவதைப் பலி கொடுக்கிறேன் என்று ஆண்டவனிடம் நேர்ந்துகொண்டான் ஒருவன். முதலில் ஓடி வந்தது மகள்.

பறை கொட்டிக்கொண்டு ஓடி வந்தேன்.
அப்பா, ஏன் உன் கண்
என் கழுத்தை மட்டும் பார்க்கிறது?

மாவு ஆட்டும்போது இது வாயில் வந்துவிடுகிறது. சிசிலி கேட்டாள், "அந்த அப்பா வெட்டிட்டாரா?" பொய் சொல்ல முடியவில்லை. "அதுவும் சாமிக்குத்தானா?" என்றாள்.

செப்டம்பர் 22

எழுத முடியுமா என்று பார்க்கிறேன்.

சேலத்தில் அவருடைய சித்தி மகன் கலியாணம். லாரியிலேயே போனோம். சிசிலியை அமீருன்னிசா வீட்டில் விட்டிருந்தேன், நல்லவேளை. கிளீனரையும் கூட்டி வரவில்லை. திரும்பும்போது மண்டபத்தில் யாரோ என்னிடம் சிரித்துப் பேசினார்கள் என்று ஆரம்பித்தார். பேசியது அவருடைய மாமாதான், வயதானவர். தொப்பூர் கணவாயில் பள்ளத்தை ஒட்டி வண்டியை நிறுத்தினார். எட்டி என் பக்கத்துக் கதவைத் திறந்தார். கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளினார். கால் மட்டும் உள்ளே, கை கதவைப் பிடித்திருக்கிறது, கீழே போன மாசம் கவிழ்ந்த லாரியின் சக்கரம் பாறையில் கிடக்கிறது. அது வரைக்கும் தெரிகிறது.

"இங்க தள்ளுனா ஆக்சிடென்ட்னு எழுதிட்டுப் போயிடுவானுங்க. தெரியுமில்ல?"

தெரியுங்க, தெரியுங்க என்றேன். எத்தனை தடவை சொன்னேனோ. பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டே நின்றான். உள்ளே இழுத்துக்கொண்டார். தருமபுரி வரும்வரை விசிலடித்தபடி ஓட்டினார். வழியில் நிறுத்தி டீ வாங்கிக் கொடுத்தார். குடித்தேன். ஐயோ, அதையும் குடிச்சேனே.

அவன் என்னைக் கொன்னுடுவான். இன்னைக்கு இல்லன்னா இன்னொரு நாள்.

'அவன்' என்று எழுதியிருக்கிறேன். இருக்கட்டும்.

1969 ஜனவரி 5

கோயில் பொன்விழாவுக்குச் சவுரியப்பனார் வருகிறார்! 'பொறுமையின் கிரீடம்' நாடகமாகப் போடுகிறார்கள். ஆரோக்கியம் வேஷத்துக்கு ஓர் ஒன்பதாம் வகுப்புப் பெண். வரவேற்புரை நான். "உன் தமிழ்தான் நல்லா இருக்கும்" என்றார் மதர். விழாக் குழுவில் அவனும் இருக்கிறான், பந்தல் பொறுப்பு.

கவிதைகளைப் பற்றிப் பேசப் போகிறேன். அவர் எவ்வளவு சந்தோஷப்படுவார்! தான் எழுதியதில் சிறந்ததை ஒருத்தரும் திறந்துகூடப் பார்க்கவில்லை என்று எத்தனை வருஷமாக வருந்திக்கொண்டிருந்தாரோ.

ஜனவரி 20

இன்றைக்குத்தான் பேனா பிடிக்க முடிகிறது. வாய் திறக்க முடியாது. கீழ்த்தாடையைக் கம்பி வைத்துக் கட்டியிருக்கிறார்கள். கஞ்சியை மட்டும் உறிஞ்சுகிறேன். மூன்று பல் போய்விட்டது.

வரிசையாக எழுதுகிறேன்.

பொன்விழா மேடையில் சவுரியப்பனார் உட்கார்ந்திருந்தார். வெள்ளைத் தாடி, மெல்லிய குரல். எல்லாரும் முழங்காலிட்டு ஆசீர்வாதம் வாங்காத குறை. பக்கத்தில் அவர் மனைவி, சின்ன உருவம். யாராவது பேசினால் தலையை ஒரு பக்கமாகத் திருப்பிக் கேட்டார், ஒரு காது மந்தம் போல. நான் கிரீடத்தைப் பற்றி இரண்டு வாக்கியம் சொல்லிவிட்டு, "ஐயா எழுதியதில் மிகச் சிறந்த நூல் இதுவல்ல" என்றேன். கூட்டம் சிரித்தது, வேடிக்கைக்குச் சொல்கிறேன் என்று. 'பெயரில்லாதவர்கள்' என்று சொல்லி, கதவும் பலகையும் வரும் வரிகளைச் சொன்னேன். சிரிப்பு நின்றுவிட்டது. பெண்கள் பக்கம் ஒரு குழந்தை அழுததுகூடக் கேட்டது. "இந்த வாசலில் கிடப்பவளை நம் தெருவில் நீங்கள் பார்த்ததில்லையா?" என்று கேட்டேன். அதை எழுதி வைத்திருக்கவில்லை. தானாக வந்தது. சாமியார் எழுந்து கைதட்டி முடித்துவைத்தார்.

பந்தலுக்குப் பின்னால் சவுரியப்பனார் என்னைக் கூப்பிட்டார். முகம் வெளுத்திருந்தது. "எங்கேம்மா கிடைச்சுது அது?"

கன்னியர் மடத்து அலமாரியில் என்றேன்.

"கொளுத்திப் போடும்மா. நான் எழுதுனதே இல்லைன்னு வெச்சுக்க."

எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ. முந்தானையை விலக்கிக் கழுத்தில் புதிதாக விழுந்திருந்த விரல் தடத்தைக் காட்டினேன். "உங்க பாட்டுல இருக்கிறவ நான்தாங்க. நான் என்ன பண்ணட்டும், சொல்லுங்க."

அவர் நிலத்தைப் பார்த்துச் சொன்னார், "அனுசரிச்சுப் போம்மா. ஆம்பளைங்க கோவம் பால் பொங்குற மாதிரி."

இதைச் சொல்லவா அந்தக் கை அந்தக் கவிதையை எழுதியது?

வீட்டுக்கு வந்ததும் சின்னப்பன் கதவைத் தாழ் போட்டான். லாரியிலிருந்து எடுத்து வந்த ஸ்பேனர் கையில் இருந்தது. முதல் அடி வாயில்தான். "இந்த வாய்தானே?" என்றான். அப்புறம் முதுகு, விலா. நான் விழுந்த பிறகும் உதைத்துக்கொண்டிருந்தான். அமீருன்னிசாவும் அவள் புருஷனும் வந்து கதவை இடித்தார்கள். "தொறக்கலைன்னா போலீசக் கூட்டுவேன்" என்று அவள் கத்தினது நினைவிருக்கிறது. அதற்கப்புறம் ஆஸ்பத்திரிச் சுவர்.

மதர் ஆரஞ்சுப் பழம் கொண்டுவந்தார். நல்ல மனசு. கம்பி கட்டிய வாயால் எப்படிச் சாப்பிடுவது என்று அவருக்குத் தோன்றவில்லை.

மார்ச் 2

கம்பி எடுத்துவிட்டார்கள். பேச்சு குழறுகிறது. வேறு போக்கிடம் இல்லாமல் அதே வீடு. புத்தகத்தை அமீருன்னிசாவின் மெத்தைப் பஞ்சுக்குள் வைத்திருக்கிறேன். அவன் நான் ஆஸ்பத்திரியில் இருந்தபோதே வீடு முழுக்கத் தேடியிருக்கிறான்.

மார்ச் 19

நடந்ததை நடந்தபடி.

அடுப்பில் களி கிண்டிக்கொண்டிருந்தேன். வாசலில் சிசிலி கத்தினாள். அவள் இரண்டு கையையும் பின்னால் முறுக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தான். "அந்தப் புஸ்தகம் எங்கன்னு இவளுக்குத் தெரியும். சொல்ல மாட்டேங்கிறா." பிள்ளை என்னைப் பார்த்தாள். சொல்லவில்லை. அவன் அவளை ஓங்கி அறைந்தான், அவள் தலை நிலைக்கதவில் பட்டது. காதிலிருந்து ரத்தம்.

கையில் களித் துடுப்பு இருந்தது. கருவேல மரத்தில் கடைந்தது. அதால் அவன் மணிக்கட்டில் அடித்தேன். எலும்பு உடையும் சத்தம் விறகு முறிகிற சத்தம்தான், வேறு ஒன்றும் இல்லை. அவன் குனிந்தான். தோளில் அடித்தேன். விழுந்தான். முழங்காலில் அடித்தேன். சுடுகளி அவன் முகத்திலும் என் கையிலும் தெறித்தது. "வேண்டாம் பிரகாசி" என்றான். கலியாணமாகி முதல் தடவையாக என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். அப்போதும் நான் நிறுத்தவில்லை. நிறுத்தணும்னே தோணல. நல்லா இருந்துச்சு. அதுதான் உண்மை. ஆண்டவரே, நல்லா இருந்துச்சு.

அமீருன்னிசா பின்னாலிருந்து இடுப்பைக் கட்டிப் பிடித்துத் தூக்கினாள். "போதும் டீச்சரம்மா, செத்துடப் போறான். அப்புறம் இந்தப் பொண்ணு யாருகிட்ட வளரும்?"

அந்தக் கேள்விதான் என்னை நிறுத்தியது.

மார்ச் 26

அவன் போலீசுக்குப் போகவில்லை. பெண்டாட்டி அடித்தாள் என்று எந்த வாயால் சொல்வான்? ஜாக்கி வழுக்கிவிட்டது என்று ஊரெல்லாம் சொல்லிவருகிறானாம். கையில் மாவுக்கட்டு. வண்டி ஓட்ட முடியாது.

நானும் சிசிலியும் அமீருன்னிசா வீட்டில். அப்துல் சுபான் வாசலில் மெத்தை தைக்கும் ஊசியோடு உட்கார்ந்தே இருக்கிறார். சின்னப்பன் இரண்டு ஆட்களோடு தெருமுனை வரை வந்தான். அவர் எழுந்திருக்கவில்லை. தலையைத் தூக்கிப் பார்த்தார். அவர்கள் திரும்பிப் போய்விட்டார்கள்.

மார்ச் 30

சாமியார் ஆள் அனுப்பினார், திரும்பி வாழப் போகச் சொல்லி. போகமாட்டேன் என்றேன். சாயங்காலம் மதர் கூப்பிட்டு, பள்ளிக்கூடத்துக்கு நான் இனி வரவேண்டியதில்லை என்றார். அழுதுகொண்டேதான் சொன்னார்.

சித்தேரி மலையில் சர்க்கார் பள்ளிக்கூடம் ஒன்று வாத்தியார் இல்லாமல் கிடக்கிறதாம். யாரும் போகமாட்டேன்கிறார்கள். நான் போகிறேன்.

1970 நவம்பர் 3

மலையில் சாமை அறுப்பு. சிசிலிக்கு வலது காது கேட்கவில்லை. இனி கேட்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

சின்னப்பன் ஓசூரில் ஒரு பெண்ணோடு இருக்கிறானாம். அவளை நினைத்துக்கொண்டேன். சேதி சொன்னவருக்கு அவள் பெயர் தெரியவில்லை.

1972 ஆகஸ்ட் 14

சவுரியப்பனார் காலமாகிவிட்டார். சர்க்கரை கட்டி வந்த பத்திரிகையில் பார்த்தேன். 'கிரீடம் சூட்டிய கரம்' என்று தலைப்பு. கவிதையைப் பற்றி ஒரு சொல் இல்லை.

அனுசரித்துப் போ என்று சொன்னவர் மேல் எனக்கு இன்னும் கோபம். ஆனால் அந்தக் கோபத்தில் கவிதையையும் சேர்த்துப் புதைத்துவிட்டால், கடைசியில் நானும் கரையானும் ஒன்று. எழுதப் போகிறேன். என் கையில் இருப்பதுதான் ஒருவேளை மிச்சமிருக்கும் ஒரே பிரதி.

1973 பிப்ரவரி 2

சேலத்து மாத இதழ் ஒன்று கட்டுரையைப் போட்டுவிட்டது! 'அடிபட்டவள் பக்கம் நின்ற கவி.' தச்சனைப் பாராட்டும் வரியைப் பற்றி ஒரு பத்தி முழுக்க எழுதியிருக்கிறேன். இவ்வளவு இரக்கம் உள்ள ஒருவரைச் சபையும் ஊரும் சேர்ந்து கிரீடத்துக்குள் அடைத்துவிட்டன என்று முடித்திருக்கிறேன். கீழே என் பெயர். பிரகாசியம்மாள், சித்தேரி.

ஏப்ரல் 29

இன்றைக்கு நடந்ததற்குப் பிறகு அந்தக் கட்டுரையை நான் எப்படிப் பார்ப்பேன்?

மத்தியானம் புளி ஏற்ற வந்த லாரியிலிருந்து ஒரு கிழவி இறங்கினார். சின்ன உருவம். தலையை ஒரு பக்கமாகத் திருப்பி, "பிரகாசி டீச்சர் யாரு?" என்று கேட்டார். பொன்விழா மேடையில் பார்த்த முகம். சவுரியப்பனாரின் மனைவி கண்ணம்மாள். இந்த வயதில், இந்த மலைப் பாதையில், தனியாக!

தண்ணீர் குடித்தார். கேழ்வரகுக் கூழ் குடித்தார். பிறகு நேரே விஷயத்துக்கு வந்தார்.

"மருமக படிச்சுக் காட்டுனா. அடிபட்டவ பக்கம் நின்னவருன்னு எழுதியிருக்கியாமே?"

"ஆமாங்க ஆயா."

"அவன் எந்தப் பக்கம் நின்னான்னு எனக்குத் தெரியும். கதவுக்கு உள்பக்கம்."

எனக்குப் புரியவில்லை. அவர் சேலையை ஒதுக்கிக் காதைக் காட்டினார். சிசிலியை வரச் சொல்லி, அவளுடைய காதையும் பார்த்தார். "இவளுக்கு வலது. எனக்கு இடது" என்றார்.

சவுரியப்பனார் அரூரில் வாத்தியாராக இருந்தபோது நடந்தது. கலியாணமான இரண்டாம் வருஷம். ஏதோ ஒரு சண்டையில் அடித்து, நிறைமாத வயிற்றோடு மழையில் வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டார். தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு வாசலிலேயே விழுந்துவிட்டாராம் இவர். காலையில் கதவு திறந்தது. குழந்தை செத்துப் பிறந்தது. பெண் குழந்தை.

"பேரு வைக்கலை. அதுக்கப்புறம் ஒரு மாசம் அவன் சோறு திங்கல. எழுதிக்கிட்டே இருந்தான். அழுதுகிட்டே எழுதுனான். என்னான்னு கேட்டா சொல்லமாட்டான். எனக்குப் படிக்கவும் தெரியாது. அது புஸ்தகமா வந்துச்சு, ஒரு நாய் வாங்கல. அப்புறம் கிரீடம் எழுதுனான். அதை எழுதறப்ப அழல. சிரிச்சுக்கிட்டு எழுதுனான். அந்த ஆரோக்கியம் நான்தான்னு ஊரெல்லாம் என்னைக் கும்பிட்டாங்க. அடி மட்டும் நிக்கல, அவனுக்குக் கை நடுக்கம் வர்ற வரைக்கும்."

சொம்பில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் கொடுத்தேன். அவர் வாங்கிக் கீழே வைத்தார்.

"அந்தப் பாட்டை எனக்கு ஒருத்தரும் படிச்சுக் காட்டுனதில்ல. நீ படி."

'லேவியன் வீட்டுக்காரி'யை முழுக்கப் படித்தேன். பலகை வரும் இடத்தில் "கருங்காலிப் பலகை" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கடைசிப் பகுதி இது:

விடிந்தது. கதவு திறந்தது.
எழுந்திரு, போகலாம் என்கிறாய்.
வாசற்படியில் என் கை கிடக்கிறது.
மிதிக்காமல் தாண்டினாய்.
நீ எனக்குச் செய்த மரியாதை அது ஒன்றுதான்.

"திரும்பப் படி."

படித்தேன்.

"மிதிக்காம தாண்டுனான்னா எழுதியிருக்கான்?"

"ஆமாங்க."

"பொய்." வலது கையை என் முன்னால் நீட்டினார். நடுவிரலும் மோதிரவிரலும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி, வளைந்து, காய்ந்துபோய் இருந்தன. "மிதிச்சுக்கிட்டுத்தான் போனான். செருப்புக் காலோட. ஸ்கூலுக்கு நேரமாச்சுன்னு."

மே 1

அவர் இங்கேயே இருக்கிறார். சிசிலியோடு பேசிக்கொண்டிருக்கிறார்.

நேற்று அடுப்பு மூட்டும்போது புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனேன். கொளுத்தத்தான். ஒரு பெண்ணைக் கொல்லப் பார்த்தவனுடைய வரியை வாயில் வைத்துக்கொண்டா நான் இத்தனை வருஷம் உயிரோடு இருந்தேன்? சின்னப்பனும் எழுதத் தெரிந்திருந்தால் இப்படி ஒன்று எழுதியிருப்பானோ? எழுதிவிட்டு மறுபடி ஸ்பேனரை எடுத்திருப்பானோ?

நெருப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இன்னொரு தடவை படித்தேன். தச்சன் நல்லவன், பலகை உறுதியாயிருந்தது — இப்போது தெரிகிறது, இதை வெளியே கிடந்தவள் சொல்லவில்லை. பலகை எவ்வளவு உறுதி என்று உள்ளே முதுகைக் கொடுத்து நின்றவனுக்குத்தான் தெரியும். கை எந்தப் படியில் கிடந்தது என்று தாண்டியவனுக்குத்தான் தெரியும். நான் இரக்கம் என்று எழுதினேன். அது இரக்கம் இல்லை, பார்த்த சாட்சி. குற்றவாளியே சாட்சி. அதனால்தான் அவ்வளவு துல்லியம். அந்த ஒரு மாசம் அவன் பொய் சொல்லவில்லை, ஒரு வார்த்தையைத் தவிர. அந்த வார்த்தை வந்ததும் பயந்துவிட்டான். பயந்தவன் அப்புறம் கிரீடத்துக்குள் போய் ஒளிந்துகொண்டான்.

கவிதை நல்ல கவிதை. அவன் கெட்டவன். இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதிவைக்கிறேன். எதையும் அழிக்க மாட்டேன்.

மே 3

கண்ணம்மாள் ஆயாவிடம் கேட்டேன், இதைத் திரும்ப அச்சுப் போடலாமா, உங்களுக்குச் சம்மதமா என்று. உலையில் அரிசியைப் போட்டுக்கொண்டே யோசித்தார்.

"போடு. ஆனா பொய்யோட போடாத."

"அவர் எழுதுனத நான் மாத்தக் கூடாதுங்களே."

"மாத்தாத. அவன் சொன்னத அவன் சொல்லட்டும். நான் சொன்னத நீ போடு."

1974 ஜனவரி 17

புத்தகம் வந்துவிட்டது. தருமபுரியில் கலியாணப் பத்திரிகை அடிக்கும் அப்துல் ரஷீத், அமீருன்னிசாவின் தம்பி, அவன் அச்சாபீசில்தான் போட்டோம். தாளெல்லாம் வெட்டித்தான் அனுப்பியிருக்கிறான். அமீருன்னிசாவே கட்டைத் தூக்கிக்கொண்டு மலைக்கு வந்தாள், சிசிலிக்கு ஒரு தாவணியும் எடுத்துக்கொண்டு.

முன்னுரையில் எல்லாவற்றையும் எழுதியிருக்கிறேன், என்னுடையதையும் சேர்த்து. சாமியார் இதைக் கோயில் பக்கமே கொண்டுவரக் கூடாது என்று சொல்லிவிட்டாராம். மதர் நான்கு பிரதிக்கு ஆள் அனுப்பியிருந்தார், யாருக்கும் தெரியாமல்.

கண்ணம்மாள் ஆயா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டினேன். கவிதை அச்சிட்டபடியே இருக்கிறது. 'மிதிக்காமல்' என்ற சொல்லுக்குமேல் ஒரு நட்சத்திரம். பக்கத்தின் கீழே, கோட்டுக்கு அடியில்: மிதித்தான் — கண்ணம்மாள்.

"எங்க இருக்குது என் பேரு?"

விரலை வைத்துக் காட்டினேன். வளைந்த விரலால் அந்த இடத்தைத் தடவினார். குனிந்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"இத்தனூண்டா இருக்குதே."

"அடிக்குறிப்புன்னா அப்படித்தாங்க ஆயா போடுவாங்க."

"அடுத்த தடவ பெருசா போடச் சொல்லு" என்று சொல்லிவிட்டு, உலையைப் பார்க்க எழுந்து போனார்.